உவமை இல்லாத கல்வெட்டு

கல்முனை பஸாரில் எனக்கொரு சின்ன அச்சகம். செத்தவர்களின் முப்பத்தோராம் நாளுக்குத் தமிழ் ஆட்கள் கொடுக்கும் பாட்டுப் புத்தகத்தைக் கல்வெட்டு என்பார்கள். முஸ்லிம்களான எங்களுக்குள் அந்த வழக்கமில்லை. ஆனாலும் இருபது வருடமாக அடித்து அடித்து எனக்கே பாடமாகிவிட்டது. எல்லாம் எழுதுகிறவர் பாண்டிருப்பு நல்லரெத்தினம் மாஸ்டர்.

மனிசனிடம் எல்லாருக்கும் ஒவ்வொரு உருவகம் இருந்தது. வேளாண்மைக்காரன் என்றால் சாய்ந்த கதிர், குமர்ப்பிள்ளை என்றால் உதிர்ந்த மொட்டு. மீன்பிடிகாரன் என்றால் கடல்தாய் மடியில் துயில்வான். காய்ச்சலில் போனவனுக்கும் அதே மடிதான்.

"மாஸ்டர், இவர் ஆஸ்பத்திரியிலயல்லவா மௌத்தானவர்?" என்று சீண்டுவேன்.

"அது உருவகம் மனே. உனக்கு விளங்காது."

தூரத்து வயலிலுள்ள வாடிக் குடிசையில் தனியே இருந்துதான் எழுதுவார். ஆள் சத்தம் இருந்தால் உவமை வராதாம். பெரிய எடுப்பு!

2004 மார்கழியில் கடல் வந்த காலையும் வாடியில்தான் இருந்தார், தப்பினார். வீட்டிலிருந்த மனைவி கனகேஸ்வரி அக்கா தப்பவில்லை. என் தங்கச்சி பாத்தும்மாவும் போனாள். அவளைப் பலரோடு ஒரே குழியில் வைத்து மண் தள்ளினோம். நான் அழவில்லை. அழுகை வரவில்லை, அவ்வளவுதான். சோறு தின்றேன், கடை திறந்தேன்.

பொங்கல் கழிந்து மாஸ்டர் பதினேழு கல்வெட்டோடு வந்தார். அகதி முகாமில் இருந்து எழுதியவை. பதினேழிலும் அதே கதிர், அதே மொட்டு, அதே மடி. மனதில் வாங்காமலே எழுத்துக் கோத்து அடித்துக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் மாஸ்டர் என் கடையில் இருக்கும்போது மீன் விற்கிற பாலம்மா வந்தாள். புருசன் சீனித்தம்பியின் கல்வெட்டுப் புத்தகக் கட்டை மாஸ்டருக்கு முன்னால் மேசையில் வைத்தாள்.

"கடல்தாய் மடியில எண்டு எழுதி இரிக்கீங்க மாஸ்டர். முள்ளுக்கம்பியில இருந்துதான் நான் அவரக் கழட்டி எடுத்த. இது எந்தத் தாய்ர மடி?"

அவள் சத்தம் போடவில்லை. எனக்குத்தான் கோபம் தலைக்கேறியது.

"சொல்லுங்களேன் மாஸ்டர்! உருவகம், விளங்காதெண்டு சொல்லுங்க! எனக்குச் சொல்லுவீங்கதானே!"

அவர் என்னைப் பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கனகேஸ்வரி அக்காவின் கல்வெட்டு. முப்பத்தோராம் நாளுக்கு இன்னும் இரண்டே நாள். எட்டிப் பார்த்தேன். அதிலும் கடல்தாய் மடிதான். இருபத்தெட்டு வருடம் கூட இருந்தவளுக்கும் அதுதான் வந்திருக்கிறது. தாளை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"பென்சில் ஒண்டு தா மனே."

மேசையில் குனிந்து, கழிவுத்தாளின் பின்புறத்தில் எழுதினார். பாலம்மாவும் நானும் பேசிக்கொண்டுதான் நின்றோம். அவர் எங்களைச் சத்தம் போடவேண்டாம் என்று சொல்லவில்லை. எழுதி முடித்துப் பாலம்மாவிடம் நீட்டினார்.

அவள் வாசித்தாள். பிறகு தன் கட்டைத் தூக்கி அதே குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, "எனக்கும் இப்பிடி எழுதித் தாங்க. அவருக்கு என்ன நடந்ததெண்டு நான் சொல்றன்" என்றாள்.

"ஓம்" என்றார் மாஸ்டர்.

நான் தாளை வாங்கி எழுத்துக் கோக்கத் தொடங்கினேன்.

கனகேஸ்வரி. வயது ஐம்பத்தாறு.
அன்று காலை, நானும் வாடிக்கு வருகிறேன் என்றாள்.
நீ வந்து கதைத்தால் எனக்கு உவமை வராது, வீட்டில் இரு என்றேன்.
இருந்தாள்.

கடைசிச் சொல்லில் என் கை நின்றுவிட்டது. ஒரு மாதமாக வராத அழுகை வந்தது. பாத்தும்மா, பாத்தும்மா என்று வாய்விட்டு அழுதேன். பாலம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மாஸ்டர் அழவில்லை. நான் ஓயும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு அடிச்சு முடிஞ்சிருமா மனே?" என்று மட்டும் கேட்டார்.