எட்டம்மா போட்ட மணிக்கணக்கு

பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. கணினி அறையில் எல்லாருக்கும் அவள் எட்டம்மாதான். கணினி வட்டு செய்கிறவர்கள் வேகத்தைப் பைட்டில் சொல்வார்கள், தொலைபேசி லைன்காரர்கள் பிட்டில் சொல்வார்கள். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். லைன்காரர்களின் எண் பார்க்கப் பெரிதாக இருக்கும். புதிதாக வரும் இன்ஜினியர்கள் அதை நம்பி, "ஒரு மணி நேரத்துல அனுப்பிடலாம்" என்று வாய் கூசாமல் சொல்வார்கள். எட்டம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "எட்டால வகுத்தியாப்பா?" என்பாள். அத்தோடு பேச்சு நின்றுவிடும்.

இருபத்தாறு வருடமாக இதே கேள்வி. மரியாதைக்குக் குறைவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கத்தான் ஒருவரும் வரமாட்டார்கள். கணவர் போய்ப் பதினொரு வருடம். ஒரே மகன் வெளிநாட்டு வேலைக்குப் போய் ஆறு வருடம். ஞாயிற்றுக்கிழமை வேலை என்றால் மற்றவர்கள் பதுங்குவார்கள். இவள் தானே கேட்டு வாங்கிக்கொள்வாள். வீட்டில் இருந்து சுவரைப் பார்ப்பதற்கு இது தேவலை.

ஒரு வியாழக்கிழமை அந்த மகன் போன் செய்தான்.

"கம்பெனி வேலையா வந்திருக்கேன்மா. லீவு தரமாட்டேன்னுட்டாங்க. ஞாயித்துக்கிழமை நம்ம ஸ்டேஷன்ல ரயில் மாறணும். மூணே முக்கால்ல இருந்து அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன். வர்றியா?"

அந்த ஞாயிறு அவளுக்கு வேலை இருந்தது. மலையூரில் உள்ள மழை அளக்கும் அலுவலகத்தை மூடுகிறார்கள். நாற்பது வருட மழைக்கணக்கு அங்கே ஒரு பழைய கணினியில் கிடந்தது. தொலைபேசி வழியாக அதை இங்கே வாங்கி வைக்க வேண்டும். அன்று மாலை ஆறு மணிக்குக் கணினியையும் தூக்கிப் போய்விடுவார்கள். மொத்தம் மூன்றரைக் கோடி பைட்டுக்குச் சற்றுக் குறைவு. லைனின் வேகம் நொடிக்கு ஒன்பதாயிரத்து அறுநூறு பிட். எட்டால் வகுத்தால் ஆயிரத்து இருநூறு பைட். ரிசீவரைக் காதில் வைத்தபடியே மனக்கணக்குப் போட்டாள். எட்டு மணி நேரம். காலை ஏழுக்கு ஆரம்பித்தால் மூன்றுக்கு முடிந்துவிடும்.

"மூணு மணிக்கெல்லாம் கிளம்பிடுவேன்டா. நீ இறங்கறப்ப நான் அங்க நிப்பேன்."

"முடியலைன்னா?"

"என் கணக்கு என்னைக்குடா தப்பாயிருக்கு?"

"இருந்தாலும் ஆபீஸ் நம்பரைக் குடு."

கொடுத்தாள்.

ஞாயிறன்று பன்னிரண்டு மணிக்குத் திரையைப் பார்த்தாள். எட்டில் ஐந்து மணி நேரம் ஓடியும் சரியாகப் பாதிதான் வந்திருந்தது. லைனைத்தான் முதலில் திட்டினாள். பாவம், லைன் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிறகுதான் உறைத்தது. மலையூர் லைன் பழைய காலத்து லைன். அதில் ஒவ்வொரு எட்டு பிட்டுக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று காவலுக்கு வரும். அங்கே பத்தால் வகுக்க வேண்டும். எத்தனை பேருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவள்! வியாழக்கிழமை அவளுக்கு மூன்று மணி வேண்டியிருந்தது. கணக்கும் மூன்று மணி என்றது. அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை.

முடிவதற்கு மணி ஐந்தாகும். ஞாயிற்றுக்கிழமைகளில் அலுவலகத்தில் உயிரோடு இருப்பது ஒரே ஒரு லைன். அதில்தான் மழை வந்துகொண்டிருந்தது. மகன் கூப்பிட்டால் 'எங்கேஜ்டு' சத்தம்தான் கேட்கும். அதைத் துண்டித்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதற்கு நேரமில்லை.

மூன்று மணிக்குக் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனாள். விஷயத்தைக் கேட்ட வாட்ச்மேன், "நீங்க போங்கம்மா, நான் மேல உக்காந்து பாத்துக்கறேன்" என்றார்.

"லைன் அறுந்தா என்ன பண்ணுவீங்க?"

"உடனே உங்களுக்குத் தகவல் சொல்றேன்."

"எதுல?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரித்து முடித்ததும் அவள் படியேறினாள். போயிருக்கலாம். அன்று முழுக்க லைன் ஒரு தடவைகூட அறுபடவில்லை. ஆனால் தன் வேலையை இன்னொருவர் கையில் விட்டுப் பழக்கமில்லாத பிறவி அது. மூன்றே முக்காலுக்கு நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். பேசக்கூட வேண்டாம், அவன் முகத்தைப் பார்த்தால் போதும் என்றிருந்தது.

ஐந்து மணிக்கு மழை முழுதும் வந்து சேர்ந்தது. லைனை விடுவித்ததுமே போன் அடித்தது. பாய்ந்து எடுத்தாள். மலையூர் அதிகாரி. "எல்லாம் வந்துச்சாம்மா? ரொம்ப நன்றி." வந்தது என்று சொல்லிப் போனை வைத்தாள். வீட்டுக்குக் கிளம்பாமல் போன் பக்கத்திலேயே இருந்தாள்.

ஐந்தே முக்காலுக்கு மறுபடி அடித்தது.

"அம்மா! அடுத்த ஸ்டேஷன்ல இருந்து பேசறேன். வண்டி ரெண்டு நிமிஷம்தான் நிக்கும். அங்க இருந்த ஒண்ணேகால் மணி நேரமும் உனக்குத்தான் அடிச்சிட்டிருந்தேன், எங்கேஜ்டாவே இருந்துச்சு. அவ்வளவு நேரமா யாரோடம்மா பேசிட்டிருந்தே?"

"இல்லடா, அது வந்து..."

"கோவமெல்லாம் இல்லம்மா. சந்தோஷமாத்தான் இருந்துச்சு. நீ ஒண்டியாவே கிடக்கியோன்னு ஆறு வருஷமா மனசுக்குள்ள உறுத்தல். பேச்சுத் துணைக்கு ஆள் இருக்காங்கதானே?"

பின்னால் ரயில் ஊதுவது கேட்டது.

"இருக்காங்கடா," என்றாள் எட்டம்மா. "நிறையப் பேர் இருக்காங்க. நீ போய் வண்டியில ஏறு."