செரோக்கிப் பிள்ளையின் ஒரே வசனம்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியேறிய கோலியர்ஸ் வுட்டில் நான் படித்த ஆரம்பப் பள்ளியில் ஒருமுறை செரோக்கி மக்களைப் பற்றி நாடகம் போட்டார்கள். அமெரிக்காவில் தலைமுறை தலைமுறையாக இருந்த மண்ணிலிருந்து படைவீரர்கள் துரத்திவிட, பிள்ளைகுட்டிகளோடு நடந்தே போன சனங்களின் கதை. அதில் செரோக்கிச் சிறுமியாக நடிக்க ஆசிரியை என்னைத் தெரிவு செய்தார். நடிப்புக்காக அல்ல, அம்மா எண்ணெய் தடவி இழுத்துப் பின்னிவிட்ட இரட்டைப் பின்னலுக்காக. அது தெரியாமல் நான் தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தேன்.

எனக்கு ஒரே ஒரு வசனம். அட்டையில் செய்த வீட்டைத் திரும்பிப் பார்த்து, "வீடே, நாங்கள் போகிறோம்" என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அதைக் குசினியில் நின்று சத்தமாகப் பழகினேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த அம்மா அர்த்தம் கேட்டார். சொன்னதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"வாசலிலை நிண்டு போறம் எண்டு சொல்லக்கூடாது பிள்ளை. போட்டு வாறம் எண்டு சொல்லு."

"அவையள் திரும்பி வரேல்லை அம்மா. டீச்சர் சொன்னவ."

"வெளிக்கிடேக்கை அது ஆருக்குத் தெரியும்?"

"இஞ்சேரும், அது அமெரிக்கா கதை. அதுக்கை நீர் ஏன் தலையைப் போடுறீர்?" என்று அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது, இராணுவம் வருகிறதென்று பிறந்த நாட்டில் எங்கள் ஊர் முழுவதும் ஒரே நாளில் வெளிக்கிட்டுப் போனதாம். மறுநாள் வந்து தோசைக்கு அரைக்கலாம் என்று அம்மா உளுந்தை ஊறப்போட்டுவிட்டு வந்தாராம். அதன்பிறகு ஊருக்குள் யாரையும் விடவில்லை. இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு கேட்டறிந்த கதை.

நாடகத்தன்று மேடையேறியதும் எனக்கு ஒரே குழப்பம். ஆசிரியை சொன்னதைச் சொல்வதா, அம்மா சொன்னதையா? முன்வரிசையில் இருந்த அம்மாவைப் பார்த்தேன், அவ்வளவுதான். "போட்டு வாறம்" என்பதற்கு ஆங்கிலத்தில் சொல் கிடைக்காமல், கடைக்குப் புறப்படுகிற வெள்ளைக்காரப் பெண் மாதிரி, "வீடே, இதோ ஓடிப் போய் ஓடி வந்துவிடுகிறோம்" என்றேன். மண்டபம் கொல்லென்று சிரித்தது. ஆசிரியை தலையில் கை வைத்துக்கொண்டார். என் மானம் கப்பலேறியது. அம்மா மட்டும் சிரிக்காமல், கை சிவக்கத் தட்டினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அம்மாவோடு கோபம். அவர் சொக்லேட் ஒன்றைப் பிரித்துத் தந்ததும் கொஞ்சம் இளகினேன்.

"பிறகு அந்தப் பிள்ளை எங்கை போய் இருந்தது? போன இடத்திலை தெரிஞ்ச சனம் ஆரும் இருந்தவையோ?" என்று அம்மா கேட்டார்.

"எந்தப் பிள்ளை? அது நான்தானே அம்மா. இஞ்சை, உங்களுக்குப் பக்கத்திலை இருக்கிறன்."

"ஓம்" என்று சொல்லி, அம்மா என் தலையைத் தன் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பாவம், அம்மாவுக்கு நாடகம் விளங்கவில்லை என்று எனக்கு இரக்கமாக இருந்தது. வீடு வரும்வரை அந்தக் கதையை முதலிலிருந்து அவருக்கு விளக்கிச் சொல்லிக்கொண்டே வந்தேன்.