அறுபத்துமூன்று வீடுகளும் ஒரே தேதியும்

அலுவலகத்தில் அவரை எல்லோரும் கேள்வியம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பட்டப்பெயர் புதிது, குணம் பழையது. பள்ளியில் "ஏன் டீச்சர்?" என்று எழுந்து நின்றதற்காகவே பாதிப் பாடங்களை வகுப்புக்கு வெளியே நின்று கேட்டவர். பையன் கேள்வி கேட்டால் சூட்டிகை, பெண் கேட்டால் வாய்த்துடுக்கு என்று தரம் பிரித்து வைத்திருந்த காலம் அது. அந்தக் காலம் இன்னும் முழுசாக ஒழிந்துவிடவில்லை.

சட்டம் படிக்க ஆசைப்பட்டார். படிப்பு தம்பிக்கு, கல்யாணம் உனக்கு என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. ஆனாலும் சட்டத்தை அவர் விடவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வக்கீலிடம் பத்திரம் படித்துக் குறிப்பெடுக்கும் வேலையில் சேர்ந்து பத்தொன்பது வருடம் இருந்தார். யாருக்கும் யாருக்கும் இடையில் ஒப்பந்தம், எதுவரைக்கும், யார் எதை மீறினால் என்ன ஆகும் என்று கட்டுக்கட்டாகப் படித்து ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பார். கறுப்புக் கோட்டுப் போட்டவர்கள் நீதிமன்றத்துக்குக் கிளம்பும்போது, "அக்கா, அந்த ஏழாவது ஷரத்து என்ன சொல்லுது?" என்று படியில் நின்று கேட்டுக்கொண்டு போவார்கள்.

வக்கீல் ஓய்வுபெற்றதும் இந்த அலுவலகத்துக்கு வந்தார். இங்கே பத்திரத்தைப் படிப்பது செயற்கை நுண்ணறிவு. எல்லோரும் அதை மிஷின் என்றே சொல்கிறார்கள். ஸ்கேன் செய்த இரண்டாயிரம் ஒப்பந்தங்களை அது சாப்பாட்டு நேரத்துக்குள் படித்துத் தகவல்களைப் பட்டியலாகப் போட்டுவிடும். ஆனால் எதைத் தேடவேண்டும் என்று அதற்குக் கேள்வி எழுதிக் கொடுக்கவேண்டும். அந்தக் கேள்விகளை எழுதுவதுதான் கேள்வியம்மாவின் வேலை.

கேட்க எளிது. 'வாடகைதாரர் யார்?' என்று கேட்டால் மிஷின் சில இடங்களில் தகப்பனார் பெயரையும் சேர்த்துத் தந்தது, சில இடங்களில் சாட்சியையே வாடகைதாரர் ஆக்கியது. 'முதல் பக்கத்தில் வாடகைதாரர் என்று குறிப்பிடப்பட்டவரின் பெயரை மட்டும், தகப்பனார் பெயர் இல்லாமல் எழுது' என்று ஆனபிறகுதான் அடங்கியது. ஒரு கேள்வியை நான்கு நாள் தேய்த்திருக்கிறார். கணவருக்கு இது வேடிக்கை. அவர் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர்.

"ஒரு கேள்விக்கு நாலு நாளா? என்கிட்ட நீ ஒரு நிமிஷத்துல நாப்பது கேக்கறே."

"உங்ககிட்ட எப்படிக் கேட்டாலும் பதில் வராது. அதனால யோசிக்கறதில்லை."

கேள்வியம்மாவுக்கு இந்த வேலை பிடித்திருந்தது. மற்றவர்கள் கேட்டதற்குப் பத்தொன்பது வருடம் பதில் தேடியவருக்கு இப்போது கேள்வியே சொந்தமாக இருந்தது.

கட்டட நிறுவனம் ஒன்று, பழைய மில் குடியிருப்பு ஒன்று உட்படப் பல குடியிருப்புகளை மொத்தமாக வாங்கியிருந்தது. இரண்டாயிரத்துச் சொச்சம் வாடகை ஒப்பந்தங்கள். யார், எந்த வீடு, எப்போது முடிகிறது என்ற பட்டியல் அவர்களுக்கு வேண்டும். கேள்வியம்மா பதினோரு கேள்விகள் எழுதினார். நான்காவது கேள்வி: 'இந்த ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது?' கட்டின் மேலேயிருந்து முப்பது ஒப்பந்தங்களை எடுத்து மிஷினுக்குக் கொடுத்துப் பார்த்தார். முப்பதுக்கும் பதில் சரி. பிறகு முழுக் கட்டையும் கொடுத்தார். பட்டியல் போனது. நிறுவனத்திலிருந்து பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டுக்கு வந்திருந்தார். வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்குள், கேள்வியம்மாவின் மகளைப் பார்த்து ஆரம்பித்துவிட்டார்.

"ஏண்டி, உனக்கு உள்ளூர் மாப்பிள்ளை பாக்கட்டுமா, வெளியூர் மாப்பிள்ளை பாக்கட்டுமா?"

"அத்தை, முன்னாடி ஒரு கேள்வி இருந்துது. அதை முழுங்கிட்டீங்க."

"எதை?"

"மாப்பிள்ளை வேணுமான்னு."

"உங்கம்மா மாதிரியே வந்து வாச்சிருக்கே பாரு," என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். கேள்வியம்மா சமையலறையில் கரண்டியோடு நின்று சிரித்தார். அது தனக்குமான பாடம் என்று அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, கைப்பையின் ஜிப்பு அறுந்துவிட்டதென்று, அலுவலகத்துக்குக் கீழே கடை வைத்திருக்கும் தையற்காரரிடம் போனார். வாய் ஓயாத மனிதர் அன்று பேசவில்லை. தையல் மிஷினில் துணி இருந்தது, கால் மிதிக்கவில்லை.

"என்னண்ணே, மௌன விரதமா?"

அவர் ஒரு கடிதத்தைத் தூக்கி மேஜைமேல் போட்டார். "இருபத்திரண்டு வருஷமா இருக்கற வீடும்மா. மில் வீடுகளை வாங்கின கம்பெனி எழுதியிருக்கு, ஒப்பந்தம் போன வருஷமே முடிஞ்சுபோச்சாம். அறுபது நாள்ல காலி பண்ணணுமாம். முடியற தேதின்னு ஒண்ணை நாங்க எழுதவேயில்லையே! ஒழுங்கா வாடகை குடுக்கறவரைக்கும் இருந்துக்கலாம்னு மில்லுக்காரங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தது. இந்தத் தேதி எங்கேருந்து குதிச்சுது?"

கேள்வியம்மா அந்தத் தேதியைப் பார்த்தார். அதற்குமேல் கடிதத்தைப் படிக்கத் தேவையிருக்கவில்லை. அவருடைய பட்டியலில் அந்தத் தேதி வரிசையாக, ஒன்றன்கீழ் ஒன்றாக வந்திருந்தது. ஒரே குடியிருப்பு, அதனால் ஒரே தேதி என்று அன்றைக்கு நினைத்தார். எவ்வளவு ஒழுங்கு என்று சந்தோஷம்கூடப் பட்டார்.

மேலே ஓடிப்போய்ப் பழைய மில் குடியிருப்பின் ஒப்பந்தம் ஒன்றைத் திறந்தார். தையற்காரர் சொன்னது அப்படியே இருந்தது. முடியும் தேதி எங்கும் இல்லை. கடைசிப் பக்கத்தில், கட்டடத்துக்கு மில் கடைசியாக எடுத்திருந்த தீக்காப்பீட்டின் விவரம் பின்னாளில் சேர்க்கப்பட்டிருந்தது. அந்தக் காப்பீடு முடியும் நாள்தான் அந்தத் தேதி. எந்தத் தேதியில் முடிகிறது என்று கேட்டார். அந்தத் தாள்களில் முடிகிற தேதி என்று இருந்தது அது ஒன்றுதான். மிஷின் அதைத் தேடிப் பிடித்துப் பணிவாக நீட்டிவிட்டது. முடிகிறதா என்று அவர் கேட்கவேயில்லை. சோதித்துப் பார்த்த முப்பதும் கட்டின் மேலிருந்த புதுக் கட்டடங்கள். மில் வீடுகள் அடியில் கிடந்தன. எப்போதும் அடியில் கிடப்பவர்கள் அங்கேயும் அடியில்தான்.

மில்லின் இருநூற்றுச் சொச்சம் வீடுகளில் அந்தத் தேதி விழுந்திருந்தவை மொத்தம் அறுபத்துமூன்று.

மேலாளர் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர், சட்டம் படித்தவர், கெட்டவர் இல்லை. பயந்தவர்.

"அக்கா, முகமே சரியில்லையே. என்ன ஆச்சு?"

"பட்டியல்ல தப்பு வந்திருக்கு. நான் பண்ணினது சார்." நடந்ததைச் சொன்னார்.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "பட்டியலைக் குடுத்தாச்சு. அவங்க வக்கீல் சரிபாத்திருக்கணும். நாமளே போய் நாங்க தப்புப் பண்ணிட்டோம்னு எழுதிக் குடுத்தா, அடுத்த வேலை நமக்கு வருமா? மொதல்ல உங்களை வேலையை விட்டு எடுன்னுதான் சொல்லுவாங்க."

"சொல்லட்டும்."

"அந்த வீட்டுல இருக்கறவங்க நம்ம வாடிக்கையாளர் இல்லக்கா."

"பத்திரத்துல அவங்க கையெழுத்தும் இருக்கு சார். ஒரு கையெழுத்தை மட்டும் படிக்கறதுன்னா அதுக்குப் பேரு படிக்கறதா?"

மேலாளர் பேனாவை உருட்டினார்.

"சரி, நியாயத்தை விடுங்க," என்றார் கேள்வியம்மா. நியாயத்தை விட்டுப் பேசுவது அவருக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிற காரியம். "அறுபத்துமூணு பேர்ல ஒருத்தர் அந்தப் பத்திரத்தை எடுத்துட்டுக் கோர்ட்டுக்குப் போனா? தீக்காப்பீட்டுத் தேதியைக் காட்டி வீட்டைக் காலி பண்ணச் சொன்னாங்கன்னு ஊரே சிரிக்காதா? மூக்கு உடையறது அவங்களுக்கு. அப்புறம் யாரைத் தேடி வருவாங்க?"

பேனா நின்றது. "எத்தனை நாள்ல திருத்தித் தருவீங்க?"

நான்காவது கேள்வியை இரண்டாக உடைத்தார். 'ஒப்பந்தம் முடியும் தேதி என்று ஏதாவது குறிப்பிடப்பட்டிருக்கிறதா? இல்லையென்றால் இல்லை என்றே எழுது. இருந்தால், எந்தப் பக்கம், எந்த வரி என்று அந்த வாக்கியத்தோடு எழுது.' மறுபடி ஓட்டியபோது மிஷின் அறுபத்துமூன்று இடங்களில் இல்லை என்று எழுதியது. சொல்ல வழி கொடுத்ததும் சொல்லிவிட்டது. அதை அவர் அப்படியே நம்பிவிடவில்லை. மில் வீடுகளின் இருநூற்றுச் சொச்சம் ஒப்பந்தங்களையும் மூன்று நாள் தன் கண்ணால் படித்தார். மிஷின் கண்ணுக்குத் தப்பியவை இன்னும் இரண்டு கிடைத்தன. அறுபத்தைந்துக்கும் பக்கம் வாரியாகக் குறிப்பு எழுதி, 'எங்கள் கேள்வி தவறு, உங்கள் கடிதங்களுக்கு ஆதாரம் இல்லை' என்று முதல் வரியிலேயே போட்டுக் கொடுத்தார். மேலாளர் அந்த வரியை மென்மையாக்கலாமா என்று இரண்டுமுறை பார்த்தார். கடைசியில் ஒன்றும் மாற்றாமல் கையெழுத்திட்டு அனுப்பினார்.

நிறுவனத்திலிருந்து 'பெற்றுக்கொண்டோம்' என்று ஒற்றை வார்த்தை வந்தது. பிறகு பேச்சே இல்லை. வாடிக்கையாளரின் தாள் விவகாரத்தை வெளியே சொல்லக்கூடாது என்பது தொழில் விதி. அதனால் கீழே போகும்போதெல்லாம் தையற்காரரிடம் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்ல முடிந்தது.

"உங்க பத்திரத்தைப் பத்திரமா வெச்சுக்கங்கண்ணே. யார் கேட்டாலும் நகலைக் குடுங்க, அசலைக் குடுக்காதீங்க."

பதினேழாம் நாள் காலையில் தையல் மிஷின் சத்தம் தெருமுனை வரை கேட்டது. கேள்வியம்மாவைப் பார்த்ததும் தையற்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

"முந்தைய கடிதம் ரத்துன்னு வந்துருச்சும்மா! எங்க வரிசை முழுக்க வந்திருக்கு. பாத்திரமெல்லாம் மூட்டை கட்டிட்டா என் வீட்டுக்காரி. இப்ப எந்த மூட்டைல எது இருக்குன்னு தெரியாம சோத்துக்குக் கரண்டி இல்லை. எந்தப் புண்ணியவான் பண்ணினானோ!"

"புண்ணியமும் இல்லை, ஒண்ணும் இல்லை. யாரோ பத்திரத்தை ஒழுங்காப் படிச்சிருப்பாங்க. மொதல்லயே படிச்சிருக்கணும்."

கடைசி வார்த்தையில் இருந்த சூடு யார் மீது என்று தையற்காரருக்குப் புரிந்திருக்க நியாயமில்லை. அவர், இத்தனை நாள் கடையிலேயே கிடந்த கைப்பையை எடுத்துக் கொடுத்தார். ஜிப்பு வழுக்கிக்கொண்டு ஓடியது.

"ஆமா, இத்தனை வருஷமா மாடி ஏறிப் போறீங்க. மேல உங்களுக்கு என்னதான் வேலை?"

"கேள்வி கேக்கற வேலை."

"அதுக்குச் சம்பளம் குடுத்து ஆள் வெச்சிருக்காங்களா? எங்க வீட்டுல அது ஓசியிலயே நடக்குது."

கேள்வியம்மா படியில் ஏறும்போதும் சிரித்துக்கொண்டிருந்தார். மேஜையில் அடுத்த கட்டு வந்திருந்தது. அதன் அடியிலிருந்து முப்பதை முதலில் உருவினார்.