அவள் மோந்து சொன்ன விஸ்கிகள்

காய்ச்சல் விட்ட பிறகு வந்த முதல் சனிக்கிழமை சாயங்காலம், வழக்கமாக வாங்கும் விஸ்கியில் ஒரு பெக் ஊற்றிக்கொண்டு மொட்டை மாடியில் உட்கார்ந்தேன். ஒரு வாய் குடித்ததும் போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். நாக்கு எரிந்தது, தொண்டை எரிந்தது. வேறு ஒன்றுமே இல்லை. சுடுதண்ணீரில் மிளகாய்த்தூள் கலந்து குடித்த மாதிரி இருந்தது.

பாட்டிலை எடுத்துக்கொண்டு கடைக்கே போனேன். கவுண்டரில் இருந்தவர் சீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கடை தொறந்ததுல இருந்து இதே பெட்டியிலதானுங்க எடுத்துக் குடுக்கறேன். யாரும் ஒண்ணும் சொல்லலீங்களே" என்றார்.

அவரோடு மல்லுக்கு நிற்காமல் அதைவிட விலை கூடிய ஒன்றை வாங்கி வந்தேன். அதுவும் அப்படியே. கிளாஸை வைத்துவிட்டு மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தபோது, காய்ந்த துணி எடுக்க மேலே வந்த மனைவி படியிலேயே நின்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னத்தைங்க ஊத்தி வெச்சிருக்கீங்க? கீழ வரைக்கும் வருது வாசம்."

அப்போதுதான் புரிந்தது. சரக்கில் குறை இல்லை. என் மூக்குதான் போய்விட்டது.

சோமனூர், கருமத்தம்பட்டி, பல்லடம் பக்கம் விசைத்தறிகளுக்கு உதிரிபாகம் விற்கிறவன் நான். பகலெல்லாம் பைக்கில் சுற்றுவேன். தறிக்கூடத்து எண்ணெய் வாடையும் பஞ்சுத் தூசும் சட்டையிலேயே வீட்டுக்கு வரும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் குடிப்பேன். அளவு கொஞ்சம்தான். ஆனால் இருபது வருஷமாக ருசி பார்த்துப் பார்த்து எனக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் காந்திபுரத்து லாட்ஜுகளுக்குப் பின்னால் வாங்கிய குவார்ட்டர், சர்க்கரையைக் கருக்கிக் கலந்த ஸ்பிரிட். கொடுத்த காசுக்குச் சரியான சரக்கு. ஆனால் மறுநாள் தலைவலியையும் விலையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். அதைவிட இரண்டு மடங்கு கொடுத்தால் கிடைப்பதற்கும் அதற்கும் நாலு மடங்கு வித்தியாசம் இருந்தது. தொண்டையில் உரசாது, கடைசியில் கனிந்த பூவன்பழ வாசம் லேசாக எட்டிப் பார்க்கும். நான் பிடித்துக்கொண்டது அதைத்தான். வெளிநாட்டு பாட்டில்களுக்கு அதற்கும் மேலே பல மடங்கு கொடுக்க வேண்டும். வித்தியாசமோ கால்வாசிதான். நம் ஊர் வரியைத்தான் பாதிக்குப் பாதி குடிக்கிறோம் என்று தோன்றும். பெங்களூரில் ஒரு முறை குடித்த சிங்கிள் மால்ட் மட்டும் இந்தக் கணக்கில் அடங்கவில்லை. மழை பெய்து ஓய்ந்த சோளக்காட்டுக்குள் நின்ற மாதிரி இருந்தது. அதற்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும் என்று பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

அந்தக் கணக்கு மொத்தமும் மூக்கில்தான் இருந்திருக்கிறது. நாக்குக்குத் தெரிந்தது இனிப்பும் கசப்பும் எரிச்சலும் மட்டும்.

காது மூக்கு தொண்டை டாக்டர் மருந்து எதுவும் எழுதித் தரவில்லை. கிராம்பு, எலுமிச்சைத் தோல், ரோஜா, யூகலிப்டஸ் தைலம் நாலையும் காலையும் மாலையும் கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்க்கச் சொன்னார். "ஞாபகப்படுத்திக்கிட்டே மோந்து பாருங்க. சில பேருக்கு வாரத்துல வரும், சில பேருக்கு வருஷமாகும்" என்றார். சில பேருக்கு வராமலே போகுமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாலு டப்பாக்களையும் மோந்து முடித்ததும் ஐந்தாவதாக விஸ்கியையும் மோந்து பார்த்தேன். வராதபோது, இதைவிட நெடி கூடியதாக இருந்தால் வரும் என்று தோன்றியது. மால் ஒன்றில் இருந்த பெரிய கடைக்குப் போய்ப் புகை வாசம் தூக்கலான பாட்டில் எது என்று கேட்டு வாங்கினேன். அடுத்த வாரம் வேறொன்று. ஒவ்வொன்றிலும் ஒரு மூடி அளவு ஊற்றுவேன், மோப்பேன், எழுந்து நடப்பேன், திரும்ப வந்து மோப்பேன். குடிப்பதில் பிரியமே போய்விட்டது. ஆனாலும் வாங்குவதை நிறுத்த முடியவில்லை. புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில் பாட்டில்கள் சேர்ந்தன.

என் மனைவி மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். குடியைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. கல்யாணமான நாளில் இருந்து அந்தச் சனிக்கிழமை ஒரு மணி நேரத்தை அவள் பார்க்காத மாதிரி விட்டுவைத்திருந்தாள். ஒரு நாள் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தவள் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"அதுல அப்படி என்ன வாசம் வரோணும்னு தேடறீங்க?"

"தெரியல அம்மணி. புகை வாசம்னு போட்டிருக்குது. எனக்கு ஒண்ணுமே வரல. நீ வேண்ணா மோந்து பாத்துச் சொல்றயா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டுவிட்டேன் என்று உறைத்தது. அவள் பேனாவை மூடி வைத்தாள். கிளாஸை வாங்கி, கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்து மோந்து பார்த்தாள்.

"சாராய வாசம்."

"அதுக்குப் பின்னால?"

மறுபடியும் மோந்தாள். இந்த முறை கிளாஸ் கொஞ்சம் கிட்ட வந்தது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டாள்.

"மஞ்சள் வேகவைக்கிற அடுப்புங்க. எங்க ஊருல மாசி மாசம் வருமே, கரும்புச் சோகையைப் போட்டு எரிச்சு... அந்தப் புகை. கூடவே ஆஸ்பத்திரியில காயத்துக்குப் போடற டிஞ்சர்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த பாட்டிலைப் பற்றி இணையத்தில் எத்தனையோ படித்திருந்தேன். கடல் பாசி என்றும் நிலக்கரி என்றும் எழுதியிருந்தார்கள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவள் சொன்னதும் கொடுமுடி பக்கத்தில் மாமனார் தோட்டத்து அடுப்பு அப்படியே கண்முன்னால் வந்தது. மூக்கில் வரவில்லை, மனதில் வந்தது. ஒரு வாய் குடித்தேன். அன்றைக்கு அந்த எரிச்சலுக்கு ஓர் அர்த்தம் இருந்தது.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவள் மோந்து சொல்வது வழக்கமாயிற்று. குடிக்க மாட்டாள். உதட்டில்கூடப் பட விடமாட்டாள். என்னுடைய பழைய விஸ்கிக்குப் பூவன்பழம் என்றுதான் அவளும் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "பழம் இல்லீங்க, பழத்தை வெச்சிருந்த அட்டைப்பெட்டி" என்றாள். இன்னொன்றுக்கு, "கொப்பரை காயப் போட்ட களம். மழை வர்ற மாதிரி இருந்தா தார்ப்பாய் போட்டு மூடுவாங்களே, அந்தத் தார்ப்பாய்க்கு அடியில." மோந்து முடித்ததும் விலை கேட்பாள். கணக்கு டீச்சர் என்பதால் மார்க்கும் போடுவாள்.

"கொப்பரைக்கு அம்பது மார்க். உங்க பழசுக்கு நாப்பத்தஞ்சு. அஞ்சு மார்க்குக்கு மூணு மடங்கு துட்டா? ஆகாதுங்க."

என் இருபது வருஷக் கணக்கும் ஏறக்குறைய அதேதான். ஆனால் நான் அதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில் அவளுடைய அண்ணன் துபாயில் இருந்து லீவில் வந்தார். அவர் மகளுக்குக் கொடுமுடிக் கோயிலில் காதுகுத்து வைத்திருந்தார்கள். அழைப்பு வைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், பையில் இருந்து மரப்பெட்டி போட்ட பாட்டில் ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தார். பதினெட்டு வருஷம் பீப்பாயில் கிடந்தது என்றார். அவரே ஊற்றிக் கொடுத்து, நான் குடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடிங்க மாப்ள?"

பொய் சொல்லப் பிடிக்கவில்லை. "எனக்கு மூக்கு இன்னும் வரலீங்க மச்சான். உங்க தங்கச்சிதான் சொல்லோணும்" என்று சொல்லி அவளைக் கூப்பிட்டேன்.

அவள் சமையலறையில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். யோசிக்காமல் கிளாஸை எடுத்து மோந்தாள். மச்சான் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை.

"பழைய தேக்கு பீரோ. உள்ள பட்டுச் சேலை, ரண்டு ஏலக்காய். நல்லாத்தான் இருக்குதுங்ணா. எவ்வளவு ஆச்சு?"

அவர் சொன்னார்.

"அந்தத் துட்டுக்கு பீரோவே வாங்கியிருக்கலாமே" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "இதெல்லாம் எப்ப இருந்தும்மா?" என்று மட்டும் கேட்டார். சாப்பிட்டுக் கை கழுவியதும் காபிகூட வேண்டாம் என்று கிளம்பிவிட்டார்.

அந்த வாரமே மாமியாரிடம் இருந்து போன் வந்தது. அடுத்து ஒறம்பரைச் சொந்தத்தில் இரண்டு பேரிடம் இருந்து. மகள் குடிக்கிறாள் என்று ஊருக்குள் பேச்சாகியிருந்தது. அவள் எல்லாருக்கும் குடிக்கவில்லை என்ற ஒரே பதிலைப் பொறுமையாகச் சொன்னாள். போனை வைத்துவிட்டு என்னிடம், "இனி என்னைக் கூப்பிடாதீங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் என்னை வாட்டியது.

போதாக்குறைக்கு அதே நாட்களில் மூக்கு திரும்ப ஆரம்பித்தது. ஆனால் கோணலாகத் திரும்பியது. காபி, ரப்பர் எரிகிற மாதிரி நாறியது. வெங்காயம் வதக்கினால் வீட்டை விட்டே ஓடினேன். அவள் தலையில் வைத்த மல்லிகை சீமெண்ணெயாக வந்தது. அதை அவளிடம் சொல்லவும் முடியவில்லை. விஸ்கிகள் எல்லாம், விலை கூடியதும் குறைந்ததும், ஒரே அழுகல் வாடை அடித்தன. பாட்டில்களைத் துணி போட்டு மூடிவிட்டேன். பல்லடம் போக வேண்டிய நாளில் அவினாசிக்குப் போவேன். டீக்கடையில் நிறுத்துவேன், குடிக்க முடியாமல் கிளம்புவேன். ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

காதுகுத்துக்குப் போகாமல் இருக்க முடியாது. சீர்த்தட்டோடு போனோம். குழந்தை அழுது ஓய்ந்து, பந்தியும் முடிந்த பிறகு, ஆற்றங்கரை மண்டபத்து வராந்தாவில் மாமியார் என் மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். மச்சான் தூணோரம் நின்றார். நானும் அங்கேயே நின்றேன்.

"ஏங் கண்ணு, நாலு புள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கறவ நீ. மோந்து சொல்லோணும்னா ஊருல பூவில்லையா?" என்றார் மாமியார்.

"பூவும் சொன்னேங்கம்மா. கிராம்பு, எலுமிச்சை எல்லாஞ் சொன்னேன்." அவள் குரலை உயர்த்தவில்லை. "அவருக்கு அதுல எதுவும் ஞாபகத்துக்கு வரல. இதுல மட்டும் ஒரு நாள் முகம் தெளிஞ்சுது. ஊட்டுக்குள்ள மனுசன் கூண்டுல போட்ட மாதிரி சுத்திச் சுத்தி வந்தா நான் என்ன பண்ணட்டுங்க? அடுத்த வருசம் வரைக்கும் வேண்ணாலும் மோந்து சொல்லுவேன். குடிச்சேன்னு சொன்னவங்ககிட்ட நான் குடிக்கலைன்னு நீங்க சொல்லீருங்க."

மாமியார் என் பக்கம் திரும்பி, "சாப்பாடாவது ருசிச்சுதுங்களா மாப்ள?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் கண் கலங்கிவிட்டது. மூக்கு போய்விட்டது என்றால் இவ்வளவு என்று அதுவரை அவருக்கு யாரும் சொல்லவில்லைபோல.

மச்சான் என்னைப் படித்துறைப் பக்கம் கூட்டிப்போனார். "நாந்தானுங்க அம்மாகிட்டச் சொன்னேன். இப்பிடிப் பரவும்னு நெனைக்கல" என்றார். நான் பரவாயில்லை என்றேன். முழுக்கப் பரவாயில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்குத் திரும்புகிற வழியில் அவள் கார் ஜன்னலை இறக்கிவிட்டு, "அந்தப் புகை வாசம் அடிக்கிற பாட்டில்ல மிச்சம் இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

பிறகு ஒரு நாள் துபாயில் ஒரு மதுக்கடையில் இருந்து மச்சான் வீடியோவில் கூப்பிட்டார். ஊருக்கு வருகிற நண்பர் கையில் ஒன்று கொடுத்துவிட வேண்டுமாம். அலமாரி முழுக்கக் காட்டிவிட்டு, "அம்மணி, எதை வாங்கட்டும்?" என்றார்.

"மூடியைத் தொறந்து காட்டுவாங்களாண்ணா?" என்று கேட்டாள் அவள். அந்தப் பக்கம் அவர் சிரித்த சத்தம் நெடுநேரம் கேட்டது.

இப்போது என் மூக்கு பாதி வந்திருக்கிறது. காபி குடிக்க முடிகிறது. மல்லிகை சில நாள் மல்லிகையாகவே இருக்கிறது. விஸ்கியில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு சனிக்கிழமை கிராம்பு வருகிற பாட்டிலில் மறு சனிக்கிழமை ஒன்றும் வராது. அந்த விலையுயர்ந்த பதினெட்டு வருஷச் சரக்கில் அவள் சொன்ன பீரோ எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. இருபது வருஷக் கணக்கை முதலில் இருந்து போட வேண்டியிருக்கிறது. அதற்கு எனக்குப் பொறுமையும் இல்லை, விடவும் மனசில்லை.

போன வாரம் விலை குறைந்த புதுச்சரக்கு ஒன்றை வாங்கி வந்தேன். வெளிச்சம் போகும் முன்னால் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊற்றினேன். முதல் மோப்பிலேயே பளிச்சென்று வந்தது. புகை, தார், நல்ல கனமான வாசம். ஒரு நொடி மூச்சே நின்றுவிட்டது.

"அம்மணி, இங்க வா. இந்த விலைக்கு இப்பிடி ஒரு சரக்கு நான் பாத்ததே இல்ல. தார் வாசம் அடிக்குது பாரு."

அவள் வந்து கிளாஸை மோந்தாள். "இதுல ஒண்ணுமில்லீங்களே. வெறும் சர்க்கரைப்பாகு" என்றாள். பிறகு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "முனையில ரோடு போட்டுட்டு இருக்காங்க."

நான் கிளாஸை அவள் கையிலேயே விட்டுவிட்டுச் செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கிப் போனேன். கொதிக்கும் தாரை ஜல்லி மேல் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வந்தது. ரோலர் ஓட்டிக்கொண்டிருந்தவர் வண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, தள்ளி நில்லுங்க. சுடுமுங்க."

சரிங்க என்றேன். ஓரடி மட்டும் தள்ளி நின்றேன்.