ஆட்டைப் பார்த்துச் சொன்ன சொல்

பாரிசவாதம் வந்தவரின் மூளைப் படத்தைப் பார்த்துக் கணினி சொன்ன ஆரூடம் பலித்ததா என்று மூன்று மாதம் கழித்து வீடு தேடிப் போய்க் கேட்பதுதான் பல்கலைக்கழக ஆய்வொன்றில் என் வேலை; படிவமும் கையுமாக அடுத்தவர் படலையைத் தட்டியவர்களுக்கு என் பாடு விளங்கும்.

படத்தில் இல்லாதது

சூசை அண்ணை தலைமன்னாரில் கடற்தொழில் செய்தவர். பாரிசவாதத்தில் விழுந்த நாளிலிருந்து பேச்சில்லை. 'பேச்சு மீளும் வாய்ப்புக் குறைவு' என்றது கணினி. ஆஸ்பத்திரி வாட்டில் அவர் மனைவி ரெஜினா அக்கா ஸ்கான் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து எதையோ தேடினார்.

"இதுக்குள்ளை அவற்ற பிடிவாதம் எங்கை இருக்குது, தங்கச்சி? அதையும் பார்த்தே சொன்னவை?"

பூச்சியம்

மூன்றாம் மாதம் வீட்டுக்குப் போனேன். பேச்சுப் பயிற்சிக்கு ஆட்கள் அதிகம், இடம் கொஞ்சம்; ஒன்றிரண்டு சொல்லாவது வருகிறவர்களுக்கே முதலிடம். இந்த நியாயம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பேசமுடியாதவருக்குத்தானே பயிற்சி வேண்டும்? ஆனாலும் படிவம் படிவம்தான். ஏதாவது சொல் வருகிறதா என்று கேட்டேன். அக்கா நிலத்தைப் பார்த்தார்.

"ஒண்டும் இல்லை. பூச்சியமெண்டு போடுங்கோ."

வலையும் ஆடும்

பூச்சியம் போடப் பேனையை எடுத்தேன். முற்றத்தில் காய்ந்த வலையை அயல்வீட்டு ஆடொன்று சப்பத் தொடங்கியது. கதிரையில் இருந்த சூசை அண்ணை, ஆட்டின் தாயையும் சேர்த்து, நான்கு சொல் சொன்னார். துலக்கமாகச் சொன்னார். அக்கா சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

"கம்பஸ் பிள்ளைக்கு முன்னாலை இதை என்னெண்டு சொல்லுறது? கிழமையிலை ரெண்டு மூண்டு தரம் வருது. எழுதிப்போடாதேங்கோ."

தானாக வரும் சொல்

நான்கையும் எழுதிக்கொண்டு போனேன். மேற்பார்வை டாக்டர் வாசித்துவிட்டு, வசவு தானாக வருவது, அதைப் பேச்சாகக் கொள்வதில்லை என்றார். நானும் படித்ததுதான். அதற்காக விட்டுவிடுவதா?

"தானா வாறதெண்டால் முன்னாலை இருந்த எனக்கெல்லோ ஏசியிருக்கோணும், சேர்? அவர் ஆட்டைப் பார்த்து, அது வலையைச் சப்பேக்கை சொன்னவர்."

அரை மணித்தியாலம் போனது. கடைசியில் பேச்சுப் பயிற்சிப் பட்டியலில் அண்ணையின் பெயரை எழுதினார்.

"உம்மோடை வாதாடுறதிலும் பார்க்க, அந்தாளைப் பேசப் பழக்கிறது சுகம்."

பட்டியலில் பெயர்

அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் அழுதார். பிறகு கேட்டார்.

"தூசணம் சொல்லித்தான் இடம் கிடைச்சதெண்டு பாவசங்கீர்த்தனத்திலை ஃபாதரிட்டை நான் என்னெண்டு சொல்லுறது, தங்கச்சி?"

கணினியின் ஆரூடம் பிழையா என்று இன்னும் எனக்குத் தெரியாது, ஆனால் வெட்கப்பட்டு மறைத்த சொல்லுக்கு எங்கள் படிவத்தில் ஒரு கட்டமும் இல்லை என்று மட்டும் யாரோடும் வாதாடத் தயார்.