மல்லிகாவின் காலை மாத்திரை

போன ஞாயிறு காலையில் கிர்க்கிக்குப் போயிருந்தேன். ராஜம்மாவிடம் ரவிக்கைத் துணி கொடுக்க வேண்டும். நாங்கள் இருக்கும் கேம்ப் பகுதியில் இத்தனை தையல் கடை இருக்க, பூனாவின் அந்தக் கோடிக்கு பஸ் ஏறுவானேன் என்று என் வீட்டுக்காரர் கேட்பார். ராஜம்மா தைத்தால்தான் கையைத் தூக்க முடிகிறது — இதை ஆண்களுக்கு எப்படி விளக்குவது?

ராஜம்மாவின் கணவர் முனிரத்தினம் அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டர். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து பல வருஷமாகிறது. ஒரே பெண், மல்லிகா. பதினைந்து வயது. அடுத்த வருஷம் மெட்ரிக்.

போனால், வீட்டு நடுவில் டிரங்குப் பெட்டி திறந்து கிடக்கிறது. மகளின் பாவாடை தாவணிகளை ராஜம்மா அடுக்கிக்கொண்டிருந்தாள். மகளோ மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இவளை ஊருக்கு அனுப்பறேன்க்கா. குடியாத்தம் பக்கத்துல ஒருத்தர் மந்திரிக்கிறாராம். இந்த இங்கிலீஷ் மருந்து போதும்.”

“ஸ்கூல்?”

“ஸ்கூல் இன்னா ஸ்கூல்! நடுரோட்டுல வுழுந்து மண்டைய ஒடச்சிகினா?”

விஷயம் இதுதான். மல்லிகாவுக்கு வலிப்பு வரும். கேம்ப்பில் ஒரு டாக்டர் இரண்டு வருஷமாகப் பார்க்கிறார். தினமும் காலையில் ஒரு மாத்திரை. ஒரு நாளும் விடக் கூடாது, உடம்புதான் நன்றாக இருக்கிறதே என்று நிறுத்தவும் கூடாது. சொல்வது டாக்டருக்குச் சுலபம். பதினைந்து வயதுப் பெண்ணைத் தினமும் விழுங்க வைப்பது...?

ஆரம்பத்தில் ராஜம்மாவே அதைக் கவனித்தாள். வரிசை வீடுகள், வீட்டுக்கு வீடு ஒற்றைச் சுவர். “மாத்திரை போட்டியாடி?” என்று அவள் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தால் வரிசை முழுக்கக் கேட்கும். குழாயடியில் தோழிகள் முன்னால் கேட்பாள். விருந்தாளி முன்னால் கேட்பாள். ‘என்ன மாத்திரை, எதற்கு?’ என்று யாராவது அக்கறையாக விசாரிப்பார்கள். அந்தப் பெண்ணுக்கு உயிரே போய்விடும். வீம்புக்காகவே சில நாள் மாத்திரையை ஜன்னல் வழியாக எறிந்திருக்கிறாள். ஒருமுறை அகப்பட்டுக்கொண்டு அடியும் வாங்கியிருக்கிறாள்.

பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். காலையில் தொழிற்சாலைச் சங்கு ஊதும். அந்த வரிசையில் அடுப்புப் பற்றவைப்பது, பிள்ளைகளை எழுப்புவது எல்லாமே அந்தச் சங்கை வைத்துத்தான். “சங்கு ஊதினதும் நானே போட்டுக்கறேன். நீ கேக்கவே கூடாது.” அம்மா ஒப்புக்கொண்டாள். சண்டை நின்றது.

வலிப்பு மட்டும் நிற்கவில்லை. தசராவுக்கு வந்தது. தீபாவளிக்கு வந்தது — புதுப் பாவாடையோடு வாசலிலேயே விழுந்தாள். டாக்டர் மருந்தைக் கூட்டினார். கிறிஸ்துமஸ் சமயத்தில் மறுபடியும். பண்டிகை என்றாலே வருகிறது என்றால் தாய் என்ன நினைப்பாள்? எண்ணெய்க் குளியலைச் சந்தேகப்பட்டாள், கண்ணேறு கழித்தாள், கடைசியில் இரண்டு முடிவுக்கு வந்துவிட்டாள். ஒன்று, குலதெய்வத்துக்குக் கோபம். இன்னொன்று...

“பொய் சொல்றாக்கா. மாத்திரைய நாக்குக்கு அடியில வச்சிகினு துப்பிடறா.”

“இல்ல அத்தை. இப்பல்லாம் ஒரு நாள்கூட விட்டதில்ல.” மல்லிகா அழவில்லை. அழுது ஓய்ந்துபோன குரல்.

யாரை நம்புவது? ஒன்றும் ஓடாமல், பேச்சை மாற்றத்தான் கேட்டேன் — “சரி, இன்னிக்குப் போட்டாச்சா?”

“இன்னும் சங்கு ஊதல அத்தை.”

வெயில் முற்றத்தில் பாதி தூரம் வந்துவிட்டது. முனிரத்தினம் வாசலில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, ஆற அமர ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தார். “ஞாயித்துக்கெழம எங்க ஊதும்மா...” என்று சிரிக்க ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டார்.

மல்லிகாதான் மெதுவாகச் சொன்னாள்.

“அம்மா... நேத்தும் சுட்டி. நேத்தும் ஊதல.”

சுட்டி என்றால் அங்கே லீவு. முந்தின நாள், சனிக்கிழமை, ஏதோ அரசாங்க விடுமுறை. தசராவும் விடுமுறை, தீபாவளியும் விடுமுறை. தொழிற்சாலையை மூடினால் சங்கு இல்லை. சங்கு இல்லையென்றால் மாத்திரை இல்லை! வெறும் ஞாயிறை உடம்பு எப்படியோ தாங்கியிருக்கிறது. அதோடு பண்டிகை லீவும் சேர்ந்தபோது தாங்கவில்லை.

சிரிக்காதீர்கள். வாரமெல்லாம் விடிவதற்கு முன் எழுகிற என் வீட்டுக்காரர், ஞாயிறன்று பல் தேய்ப்பதே வெயில் ஏறிய பிறகுதான். கேட்டால், “லீவு!” என்பார். பல்லுக்கு ஏது லீவு? நம் பழக்கங்களில் முக்கால்வாசி ஆபீஸும் பள்ளிக்கூடமும் கொடுத்த இரவல். அவை கதவைச் சாத்தினால் நாமும் சாத்திவிடுகிறோம்.

அந்தப் பெண் கொடுத்த வாக்கை அப்படியே காப்பாற்றியிருக்கிறாள். சங்கு ஊதிய நாளெல்லாம் போட்டிருக்கிறாள்; ஊதாத நாளில் அந்த நினைப்பே வரவில்லை. அம்மாவும் வாக்குத் தவறாமல், கேட்காமலே இருந்திருக்கிறாள். இருவருமே யோக்கியர்கள்தான். இதில் என்ன கொடுமை என்றால், கேட்காமல் இருந்தவள் சந்தேகப்படாமல் மட்டும் இருக்கவில்லை.

ராஜம்மா எழுந்து போய் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தாள். “உன்னப் போயி பொய்க்காரின்னு சொல்லிட்டனேடி...” என்று பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. முனிரத்தினம் பாதி முகம் சோப்போடு நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் அவர்களோடு நானும் டாக்டரிடம் போனேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “மருந்துக்குக் கேட்கவில்லை என்றல்லவா நான் கூட்டிக்கொண்டே போனேன்!” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். ஒழுங்காகப் போட்டுக்கொண்டு ஸ்கூலுக்குப் போகட்டும், கொஞ்ச நாள் பார்ப்போம் என்றார். குடியாத்தம் பயணம் ரத்து.

நான் ஒரு அலாரம் கடிகாரம் வாங்கித் தருவதாகச் சொன்னேன். “சாவி குடுக்க மறந்துட்டா, அத்தை?” என்றாள் மல்லிகா. கெட்டிக்காரி. இனிமேல் காலை டீயோடு மாத்திரை என்று அவளே முடிவு செய்தாள். அந்த வீட்டில் டீக்கு லீவே கிடையாதாம்.

பஸ் ஸ்டாப்பில் ராஜம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள். “அப்ப... நான் உன்னக் கேக்கலாமா?”

“கேளும்மா. நாலு பேர் முன்னால வேணாம். அப்புறம்... போட்டேன்னு சொன்னா நம்பு.”

மாத்திரை பெண்ணுக்கு. இந்த மருந்து அம்மாவுக்கு — ஒரு நாள்கூட விடாமல்.