அறுபதா, நூறா

சிதம்பரத்தில் என் மேஜை மேல் இருப்பது நூறு எம்.எம். மேக்ரோ லென்ஸ். அறுபதை ஏன் வாங்கவில்லை என்று கேட்டால், தள்ளி நின்று எடுக்கலாம், பூச்சி மிரளாது என்று சொல்லிச் சமாளிப்பேன். உண்மையில் அறுபதைக் கையில் எடுக்கவே எனக்குப் பயம்.

எதை வாங்கவும் எனக்கு இரண்டு மனசு. என் இழுவை பொறுக்காமல் கடலூர் கடைக்காரர் இரண்டையும் ஒருநாளைக்குக் கொடுத்தார். "எடுத்துப் பாத்துட்டு வந்து சொல்லுங்க சார், ஆள வுடுங்க."

மார்கழி. பனித்துளி எடுக்கலாமென்று சேத்தியாத்தோப்புக்குப் போனேன். தங்கை வீட்டுக்குப் பின்னால் மச்சானின் குத்தகை வயல். போன வருஷம் மழையில் முழுசாக மூழ்கியது. இந்தச் சம்பாவும் கைவிட்டால் வீட்டைக் காலி செய்துகொண்டு திருப்பூர் போவதாக மச்சான் முடிவெடுத்திருந்தார். தங்கைக்கு அந்தப் பேச்சே ஆகாது.

வரப்பில் நின்று நூறைப் போட்டேன். கதிர் நுனியில் துளி, துளிக்குள் தலைகீழாக வயல். மச்சான் கேமராவை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "நம்ம வயலா மச்சான் இது?"

நடுவில் ஓரிடம் வட்டமாக மஞ்சளடித்திருந்தது. என்னவென்று கேட்டேன்.

"சத்து பத்தல. நேத்துதான் யூரியா போட்டேன், கொஞ்சம் ஜாஸ்தியாவே. நாலு நாள்ல பச்ச கட்டிடும்."

அறுபதை மாட்டினேன். அதற்குப் பொருளை முட்டுகிற அளவுக்குப் பக்கத்தில் போக வேண்டும். பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு அந்த மஞ்சளின் ஓரமாக இறங்கிப் பயிரை விலக்கினேன். தூரில், தண்ணீருக்குச் சற்று மேலே, தவிடு ஒட்டியது போல ஏதோ இருந்தது. ஃபோகஸ் செய்தேன். தவிடு நகர்ந்தது. கால்கள், கண்கள், தண்டுக்குள் இறக்கிய ஊசி மூக்கு. பக்கத்துத் தூரிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

அது என்னவென்று எனக்குத் தெரியாது. படம் நன்றாக விழுந்த சந்தோஷத்தில் கேமராவை நீட்டினேன்.

மச்சான் பெரிதாக்கிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "புகையான்" என்றார். சாற்றை உறிஞ்சியே வயலைத் தீய்ந்தது போல ஆக்கிவிடும் பூச்சி. யூரியா போட்டால் இன்னும் பெருகும். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, நேற்று யூரியா வீசிய தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது பார்த்தால் வாய்க்காலோரம் இன்னொரு வட்டம் தெரிந்தது.

தங்கை சாப்பிடக் கூப்பிட்டாள்.

"அவகிட்ட அந்த மொதப் படத்த மட்டும் காட்டுங்க மச்சான்."

காட்டினேன். ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கி, ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இந்த வருஷம் நல்லா வந்துருக்குல்லண்ணா" என்றாள்.